கல்யாண அட்டையில் ஒரு குன்று

ஜூலை 28, ஞாயிறு

இன்று கந்தப்பன் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டான். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. காரணம் ஒரு தையல் நூல்.

பிற்காலத்தில் இந்த நோட்டைக் கண்டெடுக்கப்போகும் அறிஞருக்காக விஷயத்தை விளக்கிவிடுகிறேன். வேறு யார் படிக்கப்போகிறார்கள், எனக்கென்ன பெண்டாட்டியா பிள்ளையா. நான் தணிகாசலம். நில அளவைத் துறையில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன். சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் இரண்டாம் மாடியில் குடியிருப்பு. கந்தப்பன் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்கு என் சாப்பாட்டு மேஜை மேல் நாங்கள் போர் நடத்துவோம். அவனுக்குக் கும்பினிப் படை, எனக்குப் பாளையப் படை. சிப்பாய் ஒவ்வொருவனும் பாதி விரல் உயரம். அளவுகோல் வைத்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட வேண்டும். மலை, ஆறு, கோட்டை எல்லாம் நான் காகிதத்தில் செய்தவை.

அச்சடித்த விதிப் புத்தகம் எங்கள் இருவர் குணத்துக்கும் ஒத்துவரவில்லை. அதனால் நாங்களே வீட்டு விதிகள் எழுதிக்கொண்டோம். நீள நோட்டில் இதுவரை அறுபத்தொன்று, ஒவ்வொன்றின் கீழும் இருவர் கையெழுத்து. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு சண்டை. விதி 12: மின்விசிறிக் காற்றில் விழுந்த சிப்பாய் சாகவில்லை, மயக்கம்தான். விதி 27: எதிராளி யோசிக்கும்போது முறுக்கு கடிக்கக் கூடாது. விதி 38, நூல் விதி: சுடுகிறவன் தலையிலிருந்து சுடப்படுகிறவன் தலைக்கு நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். இடையில் நூல் மலையைத் தொட்டால் ஆள் தெரியவில்லை என்று அர்த்தம், சுட முடியாது.

இன்று அவனுடைய பீரங்கிக்காரன் குன்றுக்குப் பின்னால் இருந்த என் தளபதியைச் சுடப் பார்த்தான். நூல் தொட்டது.

“யோவ், இது உரசல்யா,” என்றான் கந்தப்பன். “தொடறது வேற, உரசறது வேற.”

“நூலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.”

“முப்பத்தஞ்சு வருஷமா ஊருக்கே கண்ணு டெஸ்ட் பண்றவன் சொல்றேன். இவனுக்கு அவன் தெரியறான்.”

“உன் கடைல கண்ணாடி போட்டவங்களுக்கு இல்லாததெல்லாம்கூடத் தெரியுமே.”

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவனும் நிறுத்தியிருக்கலாம். “இப்பிடித்தான் ஊரான் நெலத்தயெல்லாம் அளந்தியா? நீ மலைய மலையா செய்யல. எனக்கு எதிரா செஞ்சிருக்க,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். பாதி டீ அப்படியே இருந்தது.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். என் அளவைச் சொல்லக் கூடாது.

ஜூலை 29

என் படிக்கிற கண்ணாடி அவன் கடையில் இருக்கிறது. கால் கழன்றுவிட்டதென்று சனிக்கிழமை கொடுத்தது. போய் வாங்குவேன் என்று எதிர்பார்ப்பான். எதிர்பார்க்கட்டும். கை போன போக்கில் எழுதுகிறேன், வரி ஏரிக்கரை மாதிரி வளைகிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. முறுக்கு மட்டும் பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கு வாங்கிவிட்டேன்.

நேரத்தை வீணாக்காமல் புதுக் குன்று ஒன்று தொடங்கினேன். பழையதை விட ஆறு மில்லிமீட்டர் உயரம். இனி உரசல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் குன்றுகள் எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகள். அந்த அட்டையின் கனத்துக்கு ஈடு கிடையாது. வரைபடத்தில் உயரக்கோடு போடுவது போல ஒவ்வொரு அட்டையையும் வளைவாக வெட்டி, பெரியதன் மேல் சிறியதாக அடுக்கி ஒட்டினால் மலை வந்துவிடும். அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறேன். தேதி போன பத்திரிகைகளைப் பையில் போட்டு என் கிரில் கதவில் மாட்டிவிட்டுப் போவார்கள், மணிகூட அடிப்பதில்லை. அட்டை மேல் இருக்கும் பிள்ளையாரை மட்டும் முதலில் வெட்டி எடுத்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவேன். சாமி தலைமேல் பீரங்கியை நிறுத்தக் கூடாதே. டப்பாவில் இப்போது இருநூறு பிள்ளையாருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

“தனக்குக் கல்யாணம் பண்ணிக்காதவரு, ஊரார் கல்யாணத்துல மலை கட்டறாரு,” என்று கந்தப்பன் மனைவி மனோரஞ்சிதம் சொல்லும். அந்த அம்மாவுக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை, என்னைத்தான் அண்ணா என்று கூப்பிடும். அதனால் கேலி செய்யும் உரிமையையும் எடுத்துக்கொண்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வரவில்லை. முறுக்கு நமத்துவிட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்று ஆவணி பிறந்தது. அவன் மகள் சிந்துஜாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று வைகாசியிலேயே நிச்சயம் ஆனது. நிச்சயதார்த்தத்தில் தட்டுத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆடி முடிந்ததும் தேதி பார்த்து, பத்திரிகை அடித்து, வீடு வீடாகப் போய் அழைப்பார்கள்.

சிந்துஜா ஆறாம் வகுப்பு படிக்கும்போது என் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் சட்டைக்குச் சாயம் பூசிக் கொடுத்தவள். பாளையப் படைக்கு ரோஸ் கலரில் தலைப்பாகை வந்தது அப்படித்தான். இப்போது ஹைதராபாத்தில் வேலை. என்னுடையது பொத்தான் போன், அதில் போட்டோ வராது என்று அவளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பத்திரிகைக்காக நான் ஒன்றும் காத்திருக்கவில்லை. வாசலைப் பெருக்கி வைத்ததற்குக் காரணம் தூசி.

ஆகஸ்ட் 22, வியாழன்

பழைய அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, சாயங்காலம் ஜங்ஷன் வரை போய் வாங்கி வந்தேன். போன நேரத்தில் கந்தப்பன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு. வந்தால் காத்திருக்கட்டும் என்று போனேன். எட்டு மணிக்குத் திரும்பினால் வாசலில் யாரும் இல்லை. கிரில்லில் ஒரு பை மட்டும் தொங்கியது. எந்த வீட்டு மகராசியோ ஒரே ஒரு பத்திரிகை மாட்டியிருந்தாள். வாங்கி வந்த கட்டோடு அதையும் சேர்த்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

குன்றுக்கு அடித்தட்டு வெட்டினேன். வியாழக்கிழமை கிரில்லில் தொங்கியதுதான் கட்டிலேயே கனமான அட்டை. சுண்டினால் பலகை மாதிரி சத்தம் வருகிறது. மூலையில் தடவிய மஞ்சள் விரலில் ஒட்டிக்கொண்டது. எத்தனை வருஷத்துப் பத்திரிகையோ, நன்றாகப் பாதுகாத்திருக்கிறார்கள். பிள்ளையாரை டப்பாவுக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போல வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் கோடு போட்டேன். அச்சடித்த எழுத்தை நான் படிப்பதில்லை. பார்த்தாலும் கண்ணாடி இல்லாமல் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். ஊரில் யாருக்கு யாரோடு கல்யாணம் ஆனால் எனக்கென்ன.

செப்டம்பர் 1, ஞாயிறு

பத்திரிகை வரவில்லை.

நீள நோட்டில் புதிதாக ஒன்று எழுதினேன். விதி 62: பாதி ஆட்டத்தில் எழுந்து போகிறவனின் படை முழுவதும் சரணடைந்ததாகக் கொள்ளப்படும். என் கையெழுத்தைப் போட்டேன். அவன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன், நான் என்ன நியாயம் இல்லாதவனா.

செப்டம்பர் 8, ஞாயிறு

இரண்டு பக்கமும் நானே ஆடினேன். கும்பினிப் படைக்கு அவன் எப்படி யோசிப்பானோ அப்படியே யோசித்தேன். முட்டாள்தனமாக யோசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. அவன் குரலிலேயே ஒரு முறை “உரசல்யா” என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கும்பினிதான் ஜெயித்தது. பகடை அப்படி விழுந்தது, நான் விட்டுக்கொடுக்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

கீழே இஸ்திரி வண்டிக்காரர் முருகையன் என் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார். “ஏன் சார், நேத்து கண்ணாடிக் கடைக்காரரு பொண்ணு கல்யாணத்துல உங்களக் காணோம்? நான்கூட போயிட்டு வந்தேன். பால் பாயசம் அருமை சார்.”

“ஒடம்பு சரியில்ல,” என்றேன்.

இஸ்திரிக்காரரை அழைத்திருக்கிறான். அவன் சட்டையும் இவரிடம்தான் வருகிறது, சரி. பதினோரு வருஷம் என் மேஜையில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, என் ஆட்களைச் சுட்டவன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நூலுக்காக. சிந்துஜாவாவது கேட்டிருக்க மாட்டாளா, மாமா எங்கே என்று.

சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னது அப்படியே பலித்துவிட்டது.

செப்டம்பர் 10

கந்தப்பன் என்ற பேரை இந்த நோட்டில் இனி எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 11, புதன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் ஒரு கண்ணாடி வாங்கினேன். பட்டை பட்டையாக நீலச் சட்டம். போட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தால் ரிட்டையரான ஆந்தை மாதிரி இருக்கிறேன். ஆனால் எழுத்து தெரிகிறது. இதைக் கந்தப்பன் பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும். நேற்று எழுதியது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. போகட்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

குன்று முடிந்தது. பச்சை பூசி, காய்ந்த டீத்தூளைத் தூவிப் புதர் வைத்தேன். செய்த குன்றுக்கு அடியில் எண்ணும் தேதியும் எழுதுவது துறைப் பழக்கம். எழுதுவதற்காகக் கவிழ்த்தேன்.

அடித்தட்டில் தங்க எழுத்தில் சிந்துஜா என்று இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அப்படியேதான் இருந்தது. மாப்பிள்ளை பெயரில் பாதியை என் கத்தி வளைவாகக் கொண்டுபோயிருந்தது. ஆவணி 23, ஞாயிற்றுக்கிழமை. தங்கள் வரவை எதிர்நோக்கும் கந்தப்பன், மனோரஞ்சிதம். அதற்குக் கீழே பேனாவில், மருந்துச் சீட்டு மாதிரியான அந்தப் பாழும் கையெழுத்தில்: “யோவ், சண்டைய அப்பறம் வெச்சுக்கலாம். மொத நாளே வந்”

மிச்சத்தைக் குப்பைக் கூடையில் தேடினேன். கூடை இந்த மூன்று வாரத்தில் எட்டு தடவை காலியாகியிருக்கும்.

முப்பத்திரண்டு வருஷம் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்தவன் நான். எத்தனை சுத்தமாக வெட்டியிருக்கிறேன் பார். ஒரு பிசிறு இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

போகவில்லை. என்னவென்று சொல்வது? உன் மகள் கல்யாணத்தின் மேல் பச்சை அடித்து டீத்தூள் தூவிவிட்டேன் என்றா? போகாவிட்டால் ஞாயிறு என்று ஒன்று எனக்கு இனி கிடையாது. போனாலும் இல்லாமல் போகலாம். மத்தியானம் முழுக்க சட்டை போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 14, சனி

குன்றைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கந்தப்பன் ஒரு பாட்டியம்மாவுக்குச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். முதலில் அவன் கண் போனது என் மூக்குக்குத்தான்.

“எங்க வாங்குன அத?”

“பஸ் ஸ்டாண்டுல.”

அவன் முகம் போன போக்கைப் பார்த்தால், கல்யாணத்துக்கு வராததைக்கூட மன்னித்திருப்பான் போல, இதை மன்னிக்க மாட்டான் என்று தோன்றியது. நான் குன்றை எடுத்துக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தேன்.

படித்தான். எழுத்துப் பலகையை ஒவ்வொரு வரியாகப் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழ் வரை படித்தான். தன் கையெழுத்துக்கு வந்ததும் நின்றான். பாட்டியம்மா ஐந்தாவது வரியைத் தானாகவே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

“தாலி கட்றப்ப எல்லாரும் மேடையப் பாத்துட்டு இருந்தாங்க. நான் வாசலப் பாத்துட்டு இருந்தேன்யா. பெத்தவன் மாதிரியா இருந்தேன்? சிந்து ரெண்டு தடவ கேட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.”

“எனக்குத் தெரியாதுய்யா கந்தப்பா. பழசுன்னு நெனச்சு வெட்டிட்டேன்.”

“எப்பிடிய்யா பழசுன்னு நெனப்ப? ரஞ்சிதம் உன் கைல இல்ல குடுத்தா. நான் கீழ ஆட்டோலயே உக்காந்துக்கிட்டேன், மேல வர ரோஷம் விடல. ‘அண்ணா கைலயே குடுத்துட்டேன், வாங்கிக்கிட்டாரு, ஒண்ணும் பேசல’ன்னா. நீ பேசலன்னதும் எனக்கு இன்னும் ஏறிப்போச்சு. அதான் போன்கூடப் பண்ணல.”

என் கைக்கு எதுவும் வரவில்லையே, கிரில்லில் அல்லவா தொங்கியது. அவன் ஷட்டரை இறக்கினான். “வீட்டுக்கு வா. அவகிட்டயும் சொல்லு. அவளுக்கும் மனசு ஆறட்டும்.”

மனோரஞ்சிதம் கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, என் பையைப் பார்த்து, “வாங்கண்ணா” என்றது. உள்ளே போய்க் காபி கொண்டுவந்தது. கந்தப்பன் குன்றைக் கவிழ்த்துக் காட்டி முழுக் கதையையும் சொன்னான். “நீ குடுத்தத வாங்கி, அப்பிடியே மலையா செஞ்சிட்டான் ரஞ்சிதம். கைல வாங்கிட்டு, பாக்காம.”

அந்த அம்மா கையில் காபி டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் இல்லை, என்னிடம் நீட்டவும் இல்லை. “அது வந்துங்க...” என்று ஆரம்பித்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவு பூட்டியிருக்கிறது. கீழே ஆட்டோவில் ரோஷக்காரன். நான் வீட்டில் இல்லை என்று போய்ச் சொன்னால், இல்லாவிட்டால் விடு, போகலாம் என்பான். இன்னும் முப்பது வீடு பாக்கி. கிரில்லில் மாட்டிவிட்டு, கையில் கொடுத்தேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டது. மறுநாள் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கும். கல்யாண வீட்டில் மறுநாள் என்று ஒன்று ஏது.

நியாயம் முழுக்க என் பக்கம் இருந்தது. ஆகஸ்ட் 22, வியாழன், கிரில்லில் பை, இரவு எட்டு மணி. நாளும் நேரமும் போட்டு இந்த நோட்டிலேயே இருக்கிறது. இப்படி ஒரு சாட்சி எந்த எல்லைத் தகராறிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். கந்தப்பன் மூன்று வாரமாகத் தின்ற கோபம் அத்தனையும் அந்த அம்மா தலையில் இறங்கும், மகளை அனுப்பி வைத்து ஒரு வாரம்கூட ஆகாத வீட்டில்.

“ஆமாய்யா,” என்றேன். “கைலதான் குடுத்தாங்க. கண்ணாடி இல்லாத கண்ணு. பழைய பத்திரிகைன்னு கட்டுல போட்டுட்டேன்.”

“ஒண்ணுமே பேசலையாமே நீ.”

“வாயில முறுக்கு இருந்துச்சு.”

கந்தப்பன் என்னை முறைத்தான். அப்புறம் சிரித்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு, “இவன வெச்சுக்கிட்டு” என்று சொல்லிக்கொண்டே, கடையிலிருந்து கொண்டுவந்த என் பழைய கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடி உள்ளே போனான்.

மனோரஞ்சிதம் டம்ளரை என் கையில் கொடுத்தது. “பூட்டியிருந்துச்சுண்ணா,” என்றது மெதுவாக. கண் நிறைந்துவிட்டது.

“எனக்கு அப்பிடி ஞாபகம் இல்லம்மா,” என்றேன். “காபில சர்க்கரை கம்மி.”

செப்டம்பர் 15, ஞாயிறு

பத்து மணிக்கு வருகிறவன் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டான். கால் சரிசெய்த என் கண்ணாடியை மேஜையில் வைத்தான். நீலச் சட்டத்தை என் மூக்கிலிருந்து தானே கழற்றி ஜன்னல் வழியாக வீசினான். பிறகு நீள நோட்டைத் திறந்தான். விதி 62-ஐப் படித்து, குறுக்கே ஒரு கோடு போட்டான். 38-ஆம் விதிக்கு வந்து, அடியில் ஒரு வரி சேர்த்தான். “நூல் மலையை உரசினால் தொட்டதாக ஆகாது.” தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினான்.

“இது நியாயமே இல்லய்யா. அன்னிக்கு நூல் தொட்டுச்சு. நான் பாத்தேன்.”

“நீ பாத்தியா?” என்றான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். “கைல குடுத்த பத்திரிகையையே பாக்காத ஆளு நீ. நூல் தொட்டத மட்டும் பாத்துட்டியாக்கும்.”

பதில் இருந்தது. ஆகஸ்ட் 22 எழுதியிருக்கும் இந்த நாட்குறிப்பும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கந்தப்பன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டிக்கொண்டே இருந்தான்.

கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆட்டத்திலேயே அவன் பீரங்கிக்காரன் மலை வழியாகவே என் தளபதியைச் சுட்டுக் கொன்றான். முறுக்கைக் கடித்துக்கொண்டே என் வீடு அதிரச் சிரித்தான். சிந்துஜா கல்யாணத்துக்கு இதைவிடப் பெரிய மொய் வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.